தண்டியடிகளின் கயிறு

திருவாரூர்ப் பெருங்கோயிலின் மேற்றிசையில் கடல்போல் பரந்து கிடக்கிறது கமலாலயத் திருக்குளம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பது அவ்வூர் வழக்கு. அக்குளத்தின் கரையில் நிற்கும் அடியார்க்குத் தியாகேசப் பெருமானின் நினைவோடு இன்னொருவர் நினைவும் வரவேண்டும். அவர் தண்டியடிகள் நாயனார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அறுபத்து மூவருள் ஒருவராக, எல்லாச் சிவாலயத் திருச்சுற்றிலும் கைகூப்பி நிற்பவர்.

திருக்குளம் தூர்ந்து இடம் சுருங்கியதைக் கேள்வியுற்ற தண்டியடிகள், அதனைத் தாமே தோண்டி அகலப்படுத்துவது என்று துணிந்தார். கண் இல்லாதவர் குளம் தோண்டுவது எவ்வாறு? அதற்கு அவர் கண்ட வழியைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். குளத்தின் நடுவே ஒரு கழி; கரையில் ஒரு கழி; இரண்டிற்கும் இடையே ஒரு கயிறு. மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்புவார்; கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறுவார்; மண்ணைக் கொட்டுவார்; மீண்டும் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார். திருவைந்தெழுத்தை ஓதியவாறு நாள்தோறும் இத்தொண்டு நடந்தது.

பின்னர் நடந்தது அடியார்கள் அறிந்ததே. அவரது தொண்டைப் பொறாதவர்கள் எள்ளினார்கள். மண்வெட்டியையும் கூடையையும் பறித்தார்கள். நட்டிருந்த கழிகளையும் கட்டியிருந்த கயிற்றையும் பிடுங்கி எறிந்தார்கள். அடிகள் மனம் உடைந்து இறைவனிடம் முறையிட்டார். இறைவன் அடிகளுக்கும் சோழ மன்னனுக்கும் கனவில் தோன்றினான். மறுநாள் மன்னன் முன்னிலையில் குளத்தில் மூழ்கி எழுந்த அடிகள் கண்பெற்று எழுந்தார்.

இவ்வரலாற்றைக் கேட்போர் பெரும்பாலும் கண்பெற்ற அற்புதத்தையே மனத்தில் கொள்வர். ஆனால் அதற்கு முன் நடந்ததும் நினைக்கத் தக்கது. கயிறு கட்டியிருந்தவரை அடிகளின் தொண்டுக்குத் தடை ஏதும் இல்லை. பார்வை இல்லாமையால் ஒரு நாளும் அவர் பணி நிற்கவில்லை. கயிற்றைப் பிறர் பிடுங்கிய அன்றுதான் அவர் செயலற்று நின்றார். அவரை முடக்கியது கண்ணின் குறை அன்று, கயிறு இல்லாமை. இன்றைய உலகம் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பேசும் உண்மை முழுவதும் இந்தக் கயிற்றில் அடங்கியிருக்கிறது.

சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சூளுறவைக் கடந்து புறப்பட்ட சுவாமிகள் இரு கண்களின் ஒளியையும் இழந்தார். தடுமாறிச் சென்று திருவெண்பாக்கத்தில் வேண்டியபோது, இறைவன் உடனே கண்ணைத் தந்துவிடவில்லை. ஓர் ஊன்றுகோலைத் தந்தான். காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தது அதன் பின்னரே. அதுவரை நடந்த நெடுவழி முழுவதும் அந்தக் கோலே துணை. பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே இன்று எழுந்தருளியிருக்கும் அப்பெருமானுக்கு ஊன்றீசுவரர் என்பதே திருநாமம். கோல் கொடுத்தான் என்பதற்காகவே இறைவனுக்கு ஒரு பெயர் அமைந்தது என்றால், கோல் கொடுக்கும் தொண்டு எத்தகையது என்பதை அடியார்கள் எண்ணிப் பார்க்கலாம்.

ஆய்க்குடியில் ஒரு தொண்டு

தென்காசிக்கு அருகில் உள்ள ஆய்க்குடி, முருகனடியார்கள் நன்கறிந்த தலம். அங்குள்ள பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலில் பிள்ளைவரம் வேண்டுவோர் படிப்பாயசம் நேர்ந்துகொண்டு, அதனைச் சிறுவர்களுக்கு வழங்குவது வழக்கம். பிள்ளைகள் உண்ண, பாலமுருகன் உண்டதாகக் கருதும் ஊர் அது. அதே ஊரில்தான் நடக்க இயலாத பிள்ளைகளுக்காக ஒரு பெருந்தொண்டும் தோன்றியது.

அவ்வூரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் பயின்ற இளைஞர். கடற்படை அதிகாரி ஆகவேண்டும் என்னும் ஆவலோடு 1975 ஜனவரியில் பெங்களூரில் நடந்த தேர்வில் கலந்துகொண்டார். உடல்திறன் சோதனையின்போது கீழே விழுந்ததில் கழுத்தெலும்பினுள் தண்டுவடம் சிதைந்தது. கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்தது. இராணுவ மருத்துவமனையில் அவருக்கு மருத்துவம் செய்தவர்களுள் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் என்னும் எலும்பு மருத்துவ வல்லுநர் ஒருவர். உடலைத் திருப்பித் தர இயலாத நிலையில், உள்ளத்தைத் தளரவிடாமல் காத்த அந்த மருத்துவரின் பெயரையே பின்னாளில் தம் அமைப்புக்குச் சூட்டினார் ராமகிருஷ்ணன். அதுவே அமர் சேவா சங்கம்.

1981ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, சொந்த ஊரில் சில பிள்ளைகளைக் கொண்டு எளிய முறையில் தொடங்கினார். தசைச் சிதைவு நோயால் தாமும் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் வந்து தோள்கொடுத்தார். இருவரும் சேர்ந்து வளர்த்த அத்தொண்டில் இன்று பள்ளியும், சிறப்புப் பள்ளியும், செயற்கைக் கால் மற்றும் ஊன்றுகருவிகள் செய்யும் கூடமும், தண்டுவடம் பாதித்தோருக்கான மறுவாழ்வு மையமும், தொழிற்பயிற்சியும் உள்ளன. 2020ஆம் ஆண்டில் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கட்டடங்களைவிட அங்கு வியந்து நோக்கத்தக்கது வேறொன்று. தொண்டு கட்டடத்துக்குள் நின்றுவிடவில்லை. ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்குக் கால் வலுவில்லை என்றால், அப்பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு தாய் பேருந்து ஏறவேண்டும். அன்றைய கூலி போகும். மற்றப் பிள்ளைகள் வீட்டில் தனித்திருக்கும். இரண்டு முறை வருவாள். மூன்றாம் முறை வரமாட்டாள். அவள் அன்பில் குறையில்லை. அவள் கையில் காசில்லை. ஆகையால் பயிற்சி பெற்ற ஊர்ப்பணியாளர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். பிள்ளையைத் தரையில் எப்படி அமர்த்துவது, கையை எப்படி நீட்டி மடக்குவது, சோற்றை எப்படி விக்காமல் ஊட்டுவது என்பதைத் தாய்க்கே கற்றுக்கொடுக்கிறார்கள். நாள்தோறும் பயிற்சியைச் செய்பவள் தாய். வழி காட்டுபவர் பணியாளர். இதனை மருத்துவ உலகம் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு என்று அழைக்கிறது. தண்டியடிகளின் கயிற்றை வீட்டு வாசலிலேயே கட்டிக்கொடுப்பது என்று அடியார்கள் அதனைச் சொல்லலாம்.

பாட்டிமார் அறிய வேண்டியது

இத்தொண்டில் காலமே பெரும் மருந்து. பிறந்து நான்கு மாதம் ஆகியும் தலை நிற்காத குழந்தை, ஒன்பது மாதம் ஆகியும் பிடிப்பின்றி உட்காராத குழந்தை, ஒன்றரை வயதாகியும் அடியெடுத்து வைக்காத குழந்தை, கூப்பிட்டால் திரும்பாத குழந்தை ஆகியோரைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூளை வேகமாக வளரும் முதல் சில ஆண்டுகளில் தரும் பயிற்சிக்கு ஈடாகப் பிற்காலத்தில் எதுவும் அமையாது.

இதனை முதலில் கண்டுகொள்ளும் அனுபவம் உள்ளவர்கள் பாட்டிமார்களே. ஆனால் சில பிள்ளைகள் தாமதமாகத்தான் நடக்கும், இவன் தகப்பனும் அப்படித்தான் என்று சொல்லிக் காலத்தைக் கடத்துபவர்களும் பல வீடுகளில் அவர்களே. அன்பினால் சொல்லும் ஆறுதல்தான். எனினும் அதனால் இழக்கும் மாதங்கள் திரும்பி வரமாட்டா. குலதெய்வத்துக்கு முடிந்து வைக்கும் மஞ்சள் துணியோடு மருத்துவமனைச் சீட்டும் சேர்ந்தே இருக்கட்டும். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டு பயிற்சி தரும் மையங்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செயல்படுகின்றன.

முன்வினை என்னும் சொல்

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. உடற்குறையுள்ள ஒரு பிள்ளையைக் கோயில் பிராகாரத்தில் கண்டதும், எந்தப் பிறவியில் என்ன செய்ததோ என்று இரக்கத்தோடு சொல்லிச் செல்லும் வழக்கம் உண்டு. சொல்பவர் மனத்தில் தீமை இல்லை. ஆயினும் அச்சொல் தாயின் காதில் விழும்போது அது ஒரு தீர்ப்பாகவே விழுகிறது. அடுத்த வாரம் அவள் அப்பிள்ளையை வீட்டில் விட்டு வருகிறாள். அதற்கடுத்த வாரம் அவளும் வருவதில்லை.

வினைக்கொள்கையைச் சமயம் வகுத்தது, ஒருவர் தம்மைத் தாமே நோக்கித் திருத்திக்கொள்வதற்காக. அடுத்தவரை அளக்கும் கோலாக அதனைச் சான்றோர் தரவில்லை. தண்டியடிகளின் பார்வையின்மைக்கு வினையைக் காரணம் காட்டி அவரைத் தாழ்த்தவில்லை சேக்கிழார்; அகக்கண்ணால் இறைவன் திருவடியைக் கண்டவர் என்றே போற்றினார். வைணவ மரபில் கூரத்தாழ்வான் தம் ஆசாரியரான இராமாநுசருக்காகக் கண்களை இழந்தவர். பார்வையை வேண்டிக்கொள்ளுமாறு ஆசாரியர் காஞ்சி வரதன் திருமுன் அனுப்பியபோது, தமக்குத் தீங்கு செய்த நாலூரானுக்கு நற்கதி வேண்டியவர். இவர்களை வணங்கிவிட்டு வெளியே வந்து, படியருகே சக்கர நாற்காலியில் இருப்பவரை வினையாளர் என்று பார்ப்பது முறையாகாது.

தமக்குப் பின் யார்?

எழுபது, எண்பது வயதைக் கடந்த பெற்றோர் பலர் இறைவன் திருமுன் நின்று வேண்டுவது ஒன்றே. மனவளர்ச்சி குன்றிய மகனுக்கு ஐம்பது வயது. அவனுக்கு இன்றும் சோறு பிசைந்து கொடுக்க வேண்டும். அவனுக்கு முன்னே தாங்கள் போய்விட்டால்? இவனை எனக்கு முன்னால் அழைத்துக்கொள் என்று எந்தத் தாயும் வேண்டக் கூடாத வரத்தை வேண்டும் தாய்மார்களும் உண்டு. அந்த வேண்டுதலின் வேதனையை அறிந்தவன் இறைவன் ஒருவனே. ஆயினும் மனிதர் செய்து வைக்கத் தக்க சில ஏற்பாடுகளும் இருக்கின்றன. அவற்றைப் பெற்றோர் தம் காலத்திலேயே முடித்துவைப்பது நல்லது.

முதலாவது, அடையாளச் சான்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்தவை 7 வகைகளே. மருத்துவர் தரும் சான்றில் குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருப்பின் பெரும்பாலான உதவிகளுக்குத் தகுதி உண்டு. இச்சான்றின் அடிப்படையில் நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டை வழங்கப்படுகிறது. அட்டை இல்லாத ஏழைக்குச் சட்டத்தில் உள்ள எந்த உதவியும் கையில் வந்து சேராது.

இரண்டாவது, பராமரிப்பு உதவித்தொகை. தமிழக அரசு கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், மனவளர்ச்சி குன்றியோர், தசைச் சிதைவு நோயுற்றோர், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் முதலியோருக்கு மாதம் 1,500 ரூபாயாக வழங்கி வந்ததை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்த்தியது. மாவட்ட ஆட்சியர் வளாகங்களில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமே இதற்கு விண்ணப்பிக்கும் இடம். சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, செயற்கைக் கால் முதலியவற்றுக்கும் அங்கேயே வழி கிடைக்கும். பல சேவைகளை ஓரிடத்தில் தரும் மையங்களையும் ‘விழுதுகள்’ என்னும் பெயரில் அரசு தொடங்கியுள்ளது.

மூன்றாவது, சட்டப்படியான பாதுகாவலர். பதினெட்டு வயது நிறைந்துவிட்டால், மனவளர்ச்சி குன்றியவராயினும் சட்டத்தின் பார்வையில் அவர் தனி மனிதர். பெற்றோர் என்பதனால் மட்டும் அவர் பொருட்டுக் கையொப்பமிட இயலாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999, இதற்கு வழி வகுத்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கும் இச்சட்டம் பொருந்தும். மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கிறது. நியமிக்கப்படுபவர் அப்பிள்ளையின் சொத்து விவரத்தை ஆறு மாதத்துக்குள் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்டவும் வேண்டும். சொத்தைப் பெற்றுக்கொண்டு பிள்ளையைக் கைவிடும் உறவினர் உண்டு என்பதை அறிந்து எழுதப்பட்ட விதி இது. இந்நான்கு வகையினருக்கும் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கான ‘நிராமயா’ காப்பீடும் இதே அறக்கட்டளையின் திட்டம்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றோர்க்கு நான்காவதாக ஒன்று உண்டு. சம்பாதித்து வாழ இயலாத பிள்ளைக்குப் பெற்றோர் காலத்துக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுவதும் கிடைக்க விதிகள் இடம் தருகின்றன. அப்பிள்ளையின் பெயரும் மருத்துவச் சான்றும் ஓய்வூதிய ஆவணங்களில் முன்னரே ஏறியிருந்தால், பின்னர் அலைய வேண்டியதில்லை. பெற்றோர் இருவரும் மறைந்த பிறகு, பேச இயலாத ஒருவர் அலுவலகப் படியேறி இதனை விளக்க முடியாது.

கோயில் வாசலில்

பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் வீரராசேந்திர சோழனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அக்கோயிலைச் சார்ந்து ஓர் ஆதுலசாலை நடந்தது. அதில் 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்குப் படியும் பொருளும் அளந்து வழங்கப்பட்டன. கோயிற் பணியாளரும் அங்குப் பயின்ற மாணவரும் அதனால் பயனுற்றனர். ஆதுலர் என்றால் நோயாலும் வறுமையாலும் வாடுவோர். அவர்களைத் தாங்குவது கோயிலின் கடமைகளுள் ஒன்று என்று அந்தக் கல் சொல்கிறது.

இன்று பெருங்கோயில்கள் சிலவற்றில் சக்கர நாற்காலியும் மின்கல ஊர்தியும் உள்ளன. ஆனால் தெருக்கோடியில் உள்ள சிறு கோயிலுக்கு வாசற்படியே மலை. கருங்கல் நிலைப்படியை இடிக்க வேண்டியதில்லை; ஆகமத்துக்கும் அதனால் குறைவு நேராது. எடுத்து வைக்கத்தக்க மரச் சாய்தளம் ஒன்று போதும். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பதே சாய்தளத்தின் கணக்கு. அதனினும் குறைந்தால் நாற்காலியைத் தள்ளுபவர் மூச்சிரைப்பார், அமர்ந்திருப்பவர் அஞ்சுவார். அன்னதானக் கூடத்தில் தரையில் அமர இயலாதவர்க்கு ஒரு மேசையும் இரண்டு விசுப்பலகைகளும் போட்டால், அது மாற்றுத்திறனாளிக்கு மட்டுமின்றி, மூட்டுவலியால் பந்திக்கு வராமலே திரும்பும் முதியோர்க்கும் பயன்படும்.

உழவாரப் பணி செய்யும் குழுக்களும், வார வழிபாட்டு மன்றங்களும் இல்லாத ஊர் இல்லை. நாவுக்கரசர் கையில் ஏந்திய உழவாரம் திருவீதியில் முளைத்த புல்லைச் செதுக்கியது, அடியார் கால் இடறாமல் நடப்பதற்காகவே. அக்குழுவினர் மாதம் ஒருமுறை ஊரில் உள்ள மாற்றுத்திறனாளி இல்லம் ஒன்றுக்குச் செல்லலாம். அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டறியலாம். இல்லையெனில் விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம். மருத்துவ முகாம் நாளில் வண்டி வைத்து அழைத்துச் சென்று வரலாம். எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்துக்கு அந்த ஒரு நாள் துணை, பல ஆண்டு உதவித்தொகையாக மாறும். கண்ணும் குரலும் நன்றாயிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பார்வையற்ற மாணவர்க்குப் பாடநூலைப் படித்துக் காட்டலாம்.

இவை எல்லாவற்றினும் எளியது ஒன்று. படுக்கையில் இருக்கும் பிள்ளையை விட்டு அகல முடியாமல், எதிர்த்தெருக் கோயிலின் தேரைப் பல ஆண்டுகளாகச் சன்னல் வழியே பார்க்கும் தாய்மார் உண்டு. பிரதோஷ நாளில் ஒருவர் ஒரு மணி நேரம் அப்பிள்ளையின் அருகில் அமர்ந்துகொண்டால், அத்தாய் கோயிலுக்குப் போய் நந்தியெம்பெருமானை வலம் வந்து, திருநீறு பெற்றுக்கொண்டு திரும்புவாள். பிள்ளையின் அருகில் அமர்ந்தவர் அன்று கோயிலுக்குப் போகாமல் இருந்திருப்பார். எனினும் அப்பிரதோஷத்தின் பயன் அவருக்கும் உண்டு.

திருவாரூர்க் குளத்தில் கயிற்றைப் பிடுங்கி எறிந்தவர்கள் பெயரைப் புராணம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பெயரும் இல்லை. தண்டியடிகள் தம் கயிற்றைத் தாமே கட்டிக்கொண்டார். அவ்வாறு கட்டிக்கொள்ள இயலாதவர்கள் எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் இருக்கிறார்கள். கமலாலயக் கரைக்குச் செல்லும் அடியார்கள் அந்த நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும்போது அவர்களையும் நினைந்து, ஊர் திரும்பியதும் ஒரு கயிறு கட்டுவார்களாயின், தண்டியடிகள் தொடங்கிய தொண்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றே பொருள்.